தனசேகர் விட்டுப்போன பூட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்.

பாதுகாப்பு வாரத்தில் வந்து பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் பேச வராது. எட்டாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். மெஷின் பற்றி வேண்டாம், அதற்குப் புத்தகம் இருக்கிறது என்றார் ஹெச்.ஆர். மேடம். ஒரு வருஷத்தைத் திட்டம் போட்டு, வேலையும் வீடும் உடம்பும் ஒன்றை ஒன்று தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி, அதை எழுதுங்கள் என்றார். உங்களுக்கெல்லாம் அவர் ஒரு வட்டப் படம் கொடுத்திருக்கிறார். உடம்பு, குடும்பம், சிநேகிதம் என்று துண்டு துண்டாக இருக்கும். மாதம் முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் மார்க் போட வேண்டும். எனக்கும் ஒன்று கொடுத்தார். குடும்பத்துக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டேன். என் மனைவி பேனாவை வாங்கி அதை ஐந்தாக்கினாள். நல்ல படம்தான். உண்மை வெளியே வந்துவிடுகிறது.

எங்கள் காலத்தில் படம் இல்லை. பூட்டு இருந்தது. அதைச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மண்ணூர்பேட்டைப் பக்கம் எங்கள் பழைய ஷெட். நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பிறகு அந்த செக்‌ஷனுக்கே பொறுப்பு. ஃபிட்டராகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒரு சிவப்புப் பூட்டு தருவார்கள். ஒரே சாவி. இரண்டாவது சாவி கம்பெனியிடமும் கிடையாது. மெஷினுக்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, உங்கள் பூட்டை மாட்டி, பெயர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். வேலை முடித்து வெளியே வந்ததும் நீங்களே கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. முதலாளியே வந்தாலும் கூடாது. உள்ளே இருப்பது உங்கள் தலை. இதெல்லாம் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்.

சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. எனக்கு முன்னால் இருந்த ஃபோர்மேன் ஃபிட்டர் ரூம் சுவரில் ஒரு தகரப் பலகை அடித்து வைத்திருந்தார். வருஷத்தின் வாரங்கள் வரிசையாக, ஆளுக்கும் மெஷினுக்கும் வாரத்துக்கு ஒரு கொக்கி. எந்த மெஷினை எப்போது நிறுத்திப் பிரிப்பது என்று தை மாதம் உட்கார்ந்து தகடு மாட்டுவோம். அவர் ஒரு வழக்கம் வைத்தார். மெஷின் தகடு மாட்டும் முன், ஆட்கள் தங்கள் பூட்டை மாட்ட வேண்டும். அதற்கென்று ஆளுக்கு நாலு சின்னப் பூட்டு. ஒன்று உடம்புக்கு. ஒன்று வீட்டுக்கு. ஒன்று சொந்தபந்தத்துக்கு. ஒன்று சும்மா இருக்க. மாட்டிய வாரத்தில் ஒரு நாள் அந்த ஆளைக் கூப்பிடக் கூடாது. காரணம் கேட்கக் கூடாது. அந்தப் பூட்டையும் அவரவர்தான் கழற்ற வேண்டும்.

நாள் காப்பாற்றப்பட்டால் கொக்கிக்குக் கீழே வெள்ளைப் புள்ளி. பறிபோனால் கிரீஸில் விரலைத் தொட்டு ஒரு கறுப்பு. வருஷக் கடைசியில் யாருக்குக் கறுப்பு அதிகமோ அவர், இரும்பை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் மெஷினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்க் குழியைக் கழுவ வேண்டும். கண்காணிப்பு அவ்வளவுதான். அந்தக் குழியின் வாடை ஒரு வாரத்துக்குப் போகாது. அதனால் எல்லோரும் ஒழுங்காகக் கண்காணித்தோம்.

நாலில் சும்மா இருக்கிற நாள்தான் கஷ்டம். மூர்த்தி என்று ஒருவர். என்னோடு சேர்ந்தவர். அவருடைய முதல் சும்மா நாளில் காலையிலேயே கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஃபோர்மேன் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் அவர் மனைவி, ஃபேனைப் பிரித்துப் போட்டுவிட்டார் என்று திருப்பி அனுப்பினார். அன்று இரண்டு இடத்திலும் அவர் இல்லை. வெள்ளைப் புள்ளி வைப்பதா கறுப்பு வைப்பதா என்று எங்களுக்குள் சண்டை வந்தது. ஃபோர்மேன் வெள்ளை என்றார். பழகட்டும் என்றார்.

இப்போது தனசேகர்.

எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. எண்ணெய் கசியும் சத்தத்தை வைத்தே எந்த ரப்பர் சீல் போயிற்று என்று சொல்லிவிடுவான். அதுதான் அவனுக்கு வினை. அவன் பூட்டு மாட்டிய நாளில் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. வழக்கத்தை மதித்தோம். ஆனால் அவனே போன் செய்து, இன்னா அண்ணாத்தே, பிரஸ் ஓடுதா என்று கேட்பான். கொஞ்சம் இழுக்கிறது என்று யாராவது சொன்னால் போதும். வந்து பலகையிலிருந்து தன் பூட்டைத் தானே கழற்றிவிட்டு, மெஷின் பூட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவான். பிறர் கழற்றக் கூடாது என்றுதான் வழக்கம். அவனே கழற்றினால் என்ன செய்வது என்று வழக்கத்தில் இல்லை. வருஷா வருஷம் அவன்தான் குழி கழுவினான்.

அவன் மனைவி பவானி. ஆவடியில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு நாள் அவள் கரையான்சாவடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை. அடி இல்லை. குடி இல்லை. வீட்டுக்கு என்று மாட்டிய பூட்டு எல்லாம் கறுப்பானதுதான் காரணம். இதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. செக்‌ஷன் முழுக்கத் தெரியும்.

பெரியவர்கள் போய்ப் பேசினார்கள். பவானி ஒரே ஒரு நாள் கேட்டாள். அந்த நாள் முழுக்க அவன் அங்கே இருக்க வேண்டும். போனை அணைத்து வைக்கக் கூடாது, அது ஏமாற்று வேலை. போன் உயிரோடு அவள் முன்னால் இருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து ஒரு தடவைகூட அடிக்கக் கூடாது. அடிக்காவிட்டால் யோசிப்பாள். அடித்தால் யோசிக்க ஒன்றும் இல்லை.

அவன் வந்து பலகையில் பூட்டு மாட்டினான். மாட்டிவிட்டு எங்களைப் பார்த்தான். மூர்த்தி, மாமே, அன்னைக்கு ஷெட்டே இடிஞ்சாலும் ஒனக்கு சேதி வராது என்றார்.

ஷெட் இடியவில்லை. எதுவுமே பழுதாகவில்லை. அதுதான் சங்கதி.

முந்தின நாள் சாயங்காலம் தனசேகர் பெரிய பிரஸ்ஸில் சீல் மாற்றினான். நல்ல வேலை. முடித்துவிட்டுக் குளித்து, தலை வாரிக்கொண்டு சந்தோஷமாகப் போனான். மறுநாள் காலை ஷிஃப்ட்காரர்கள் வந்து பார்த்தால் மெயின் சுவிட்சில் அவன் பூட்டு தொங்குகிறது. கழற்ற மறந்துவிட்டான். சாவி அவனிடம். எங்கள் ஃபிட்டர்கள் பலரும் அந்தச் சாவியை அரைஞாண் கயிற்றில்தான் கட்டியிருப்போம். பையில் வைத்தால் குழியில் விழுந்துவிடும்.

மெஷின் நன்றாக இருக்கிறது. ஓட்ட முடியாது. பெரிய பிரஸ் நின்றால் அதற்குப் பின்னால் வரிசையாக எல்லாம் நிற்கும். வெளியே லாரி நிற்கிறது. கான்ட்ராக்ட் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மதியத்துக்குள் ஓடாவிட்டால் அவர்களைக் கூலி இல்லாமல் அனுப்புவார்கள்.

பிளான்ட் மேனேஜர் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. அவர் ரூமில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டு வெட்டும் கத்திரி இருக்கிறது. வெட்டிவிடலாமா என்று என்னைக் கேட்டார்.

பூட்டை வெட்ட ஒரு விதி உண்டு. பூட்டுக்குச் சொந்தக்காரன் மெஷினுக்குள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவன் வெளியே இருப்பதைப் பொறுப்பாளன் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் குரலைக் காதால் கேட்க வேண்டும். வேறு ஒரு கம்பெனியில் ஆள் போய்விட்டான் என்று நினைத்து வெட்டி ஓட்டினார்கள். ஆள் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த விதி.

நேத்தே கார்டு அடிச்சுட்டுப் போயிருக்கானே என்றார் மேனேஜர். கார்டுதான் போயிருக்கிறது என்றேன். ஒருவர் கார்டை இன்னொருவர் அடிப்பது அவருக்குத் தெரியாததல்ல. குழியில் இறங்கிப் பார்த்தேன். டார்ச் அடித்துக் குழாய்ச் சந்து வரை பார்த்தேன். யாரும் இல்லை. இருந்தாலும் விதி கண் அல்லது காது என்றுதான் சொல்கிறது, டார்ச் என்று சொல்லவில்லை.

"அப்ப ஒரு போன் போடுங்க. ரெண்டு நிமிஷ வேலை" என்றார் மேனேஜர்.

"போட முடியாது சார்."

"ஏன்?"

சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். அவன் மனைவி நம்பருக்குப் போடலாமே என்றார். அதற்கு அவனுக்கே போடலாம் என்றேன்.

"ஒரு ஆள் குடும்பத்துக்காக இத்தனை பேரு உக்காந்திருக்கணுமாய்யா?"

நியாயமான கேள்வி. வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் வீடு இருக்கிறது. நீங்கள் ஒரு நாள் பொறுப்பாளராக இருப்பீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற நாள் வரும். அன்று யார் பக்கம் நிற்பது என்று யோசித்து நிற்காதீர்கள். நேரம்தான் போகும். மூன்றாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது கொஞ்சம் அசிங்கமான வழியாக இருக்கும்.

மதியம் வரை கொடுங்கள், நானே போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன். பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னால் வெட்டிக்கொள்ளலாம். போன் அடிக்கக் கூடாது என்றுதான் பவானி சொன்னாள். ஆள் வரக் கூடாது என்று சொல்லவில்லை. இது போக்கிரிப் பேச்சு என்று எனக்கே தெரியும். தெருவில் ஒரு ஓரமாக நிற்பது, அவன் வெளியே தலையைக் காட்டினால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று திட்டம். பேசக்கூட வேண்டியதில்லை.

கம்பெனி சட்டையோடு போக முடியாது. மூர்த்தி சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வைத்திருந்த சட்டையைக் கொடுத்தார். பச்சைக் கிளி போட்ட சட்டை. எனக்கு இறுக்கம். மேல் பொத்தான் போடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் சிக்னலில் நிற்கும்போது ஒரு குழந்தை என்னைக் காட்டி அதன் அம்மாவிடம் ஏதோ சொன்னது.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு சந்துக்குள் நடந்தேன். அந்த வீட்டுக்கு எதிரே ஒரு மாவு மில். அதன் வாசலில் நின்றேன். பத்திருபது பெண்கள் மிளகாய் அரைக்க நின்றார்கள். கிளிச் சட்டை போட்ட ஆம்பளை நான் ஒருவன்தான். தும்மல் வேறு. ஒளிந்து நிற்க வேண்டுமானால் மிளகாய் மில்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தும்மி நிமிர்ந்தால் எதிரே பவானி. கையில் பூ.

"இன்னாண்ணே, கிளியெல்லாம் போட்டுகினு வந்து கீறீங்க. கம்பெனில இன்னா ஒடஞ்சிச்சி?"

எனக்குப் பொய் சொல்ல வராது. நீளமாகப் பேச வேண்டும் அதற்கு.

"ஒண்ணும் ஒடயலம்மா. பூட்ட மறந்துட்டு வந்துட்டான். ஆளப் பாத்தாதான் வெட்டலாம்."

அவளுக்கு விதி தெரியும். ஃபிட்டர் மனைவிகள் எல்லோருக்கும் தெரியும். பூவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போன் பண்ணிருக்கலாமே."

"பண்ணா நீ திரும்பி வர மாட்ட."

"இப்ப மட்டும் வந்துடுவனா?"

"தெரியாது" என்றேன்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பின்னால் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவனோடு பேச வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பார்த்தால் போதும் என்றேன்.

கதவை ஒரு சாண் திறந்தாள்.

தனசேகர் பாயில் மல்லாந்து படுத்திருந்தான். மாமனார் லுங்கி. வாய் திறந்திருந்தது. டேபிள் ஃபேன் அவன் பக்கம் திரும்பும்போது தலைமுடி எழுந்து எழுந்து படுத்தது. போன் ஒரு ஸ்டூலின் மேல் தனியாக, தாம்பூலத் தட்டில் இருந்தது.

"காலைல வந்தது. காப்பி குடிச்சிது. பேசணும்னு சொல்லி குந்திச்சி. அப்டியே சாஞ்சிடுச்சி" என்றாள் பவானி.

அவள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எழுப்பலாம்னு ரெண்டு தபா போனேண்ணே. இது தூங்கி நான் பாத்தே ரொம்ப நாளாவுது. நான் எழுந்துக்கும்போது ஊட்ல இருக்காது."

பார்த்துவிட்டேன். விதிப்படி போதும். கிளம்பத் திரும்பினேன். இரு என்று கை காட்டினாள். உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரைஞாண் கயிற்றில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். எண்ணெய் ஊறிய முடிச்சு லேசில் அவிழாது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க வேறு ஒன்றும் இல்லை. அவன் ஒரு தடவை புரண்டான். என்னமோ முனகினான். பிரஸ் என்று சொன்னது போல இருந்தது. அவள் அவன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினாள். அடங்கிவிட்டான்.

சாவியைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

"வெட்டாதீங்க. நல்ல பூட்டு."

"எழுந்ததும் அவன்கிட்ட சொல்லு. சாவி என்கிட்ட இருக்குன்னு."

"சொல்ல மாட்டேன்" என்றாள். "சொன்னா ஓடியாந்துடும்."

அதுவும் சரிதான். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டில் வாட்ச்மேனிடம், மறுநாள் தனசேகர் என்னைப் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது என்று சொல்லி வைத்தேன். பூட்டு கழற்றப்பட்டது அவனுக்குத் தெரியாமல் அவன் மெஷினைத் தொடக் கூடாது. அதுவும் விதி. மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மதியத்துக்கு முன்பே பிரஸ் ஓடியது. பிள்ளைகள் எழுந்தார்கள். மூர்த்தி தன் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மிளகாய் நெடி அடிக்குதே, ஊட்டுக்குப் போயி அண்ணிக்கு மொளகா அரைச்சிக் குடுத்துட்டு வரியா என்றார். மேனேஜர் கேட்டார், பேசினீங்களா என்று. பார்த்தேன் என்றேன். என்ன பண்ணிட்டிருந்தான் என்றார். வேலையாக இருந்தான் என்றேன்.

மறுநாள் தனசேகர் கேட்டில் நின்றான். சாவியைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். இடுப்பைத் தடவிப் பார்த்தான். அப்போதுதான் சாவி இல்லாததே அவனுக்குத் தெரிந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

"தூங்கிட்டேண்ணே" என்றான். "விளக்கு வெக்கிற நேரத்துக்குத்தான் முழிச்சேன். ஒரு வார்த்த பேசல. சோறு போட்டா. சாப்ட்டேன். கெளம்புன்னா. கெளம்பிட்டேன். எல்லாம் போச்சு."

நான் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது நான் சொல்கிற விஷயம் இல்லை. அவள் சொல்ல வேண்டியது. வேலைக்குப் போ என்றேன். போனான். பலகையில் அவன் கொக்கிக்குக் கீழே மூர்த்தி வெள்ளைப் புள்ளி வைத்தார். வேணாம்ணே, தூங்குனதுக்கெல்லாமா என்றான் தனசேகர். கம்முனு கெட, போன் அடிக்கல இல்ல என்றார் மூர்த்தி.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வருஷத் திட்டம் எல்லோரும் போடுகிறார்கள். இப்போது போனிலேயே போடலாம், பச்சை சிவப்பு எல்லாம் அதுவே காட்டுகிறது. நாள் குறிப்பது சுலபம். குறித்த நாளை அழிக்க யாருக்கு உரிமை என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மேனேஜருக்கு இல்லை, கஸ்டமருக்கு இல்லை என்று எழுதுவீர்கள். உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நான் பார்த்த கறுப்புப் புள்ளிகளில் பெரும்பாலானவை அவரவர் விரலால் வைத்தவை. இன்னொன்று. மாத மார்க்கை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். கூட இருப்பவரிடம் பேனாவைக் கொடுங்கள். குறைத்துத்தான் போடுவார்கள். அதுதான் சரியான மார்க்.

ஒரு வாரமோ என்னவோ போனது. தனசேகர் பேசாமல் வேலை செய்தான். மதிய ஷிஃப்டுக்கு ஒரு நாள் அவன் வரவில்லை. சொல்லாமல் நிற்கிற ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஃபிட்டர் ரூம் போன் அடித்தது. பவானி. அவன் வர நேரமாகும் என்றாள். என்னம்மா என்றேன்.

"பீரோ மாடிப்படி திருப்பத்துல மாட்டிகிச்சிண்ணே. அது பீரோவுக்கு அந்தாண்ட கீது. கீழ எறங்க வழியில்ல."

அம்மா வீட்டுக்குப் போகும்போது அவள் தன் சீதனமான இரும்பு பீரோவை வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைத்தான் ஆவடி வீட்டுக்குத் திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் எங்கள் வேலை முடிந்ததும் நானும் மூர்த்தியும் ஸ்பேனர் பையோடு ஆவடிக்குப் போனோம். பீரோ படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே இடுக்கில் தனசேகரின் முகம் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தான். பசிக்கிறது என்றான். இடுக்கு வழியாக ஒரு வாழைப்பழம் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றினோம். பீரோவைச் சாய்த்துத் திருப்பினோம். மூர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டு, கீழேயே எறக்கி வெச்சிட்டு நாளைக்குப் பாத்துக்கலாமா தங்கச்சி என்றார்.

பவானி கீழ்ப்படியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தபா எறக்கறதுக்கு இல்லண்ணே" என்றாள். "பாத்து ஏத்துங்க."

பார்த்து ஏற்றினோம்.